இரண்டே முக்கால் மணி நேரம்

சென்ற மாதம் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்ததும் கூடத்தில் நின்று காபி அருந்திக்கொண்டிருந்தோம். எனக்கு நெடுநாளாகத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வந்திருந்தான். கணினித் துறையில் நல்ல வேலையில் இருக்கிறான். தாயும் தந்தையும் சீர்காழிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். "அப்பா அம்மா எப்படி இருக்காங்க? ஊருக்குப் போயி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"மூணு வருஷம் ஆச்சு சார். ஆனா ஊர் இப்ப என்ன தூரமா? சென்னைக்கு ரெண்டே முக்கால் மணி நேரம். நெனச்சா அன்னிக்கே கெளம்பிடலாம்" என்றான்.

அவன் சொன்னது பொய்யல்ல. விமானக் கால அட்டவணையில் தில்லியிலிருந்து சென்னைக்கு 2 மணி 45 நிமிடத்திலிருந்து 2 மணி 55 நிமிடம் வரைதான் போட்டிருக்கிறது. ஆனால் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வாழ்நாளைக் கழித்தவன் நான். தூரமும் நேரமும்தான் எங்கள் பிழைப்பு. அந்த "இரண்டே முக்கால்" என்ற எண்ணுக்குள் ஒரு பிழை ஒளிந்திருப்பது எனக்குத் தெரியும். அதே பிழையை நானும் செய்து, அதற்கு உரிய விலையையும் கொடுத்தவன் என்பதால் இதை எழுதத் துணிகிறேன்.

தூரம் எவ்வளவு?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கே போதும். தில்லி விமான நிலையம் ஏறக்குறைய 28.57 டிகிரி வட அட்சரேகையிலும் 77.10 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் 12.99 டிகிரி வடக்கு, 80.17 டிகிரி கிழக்கு. வடக்குத் தெற்காக வித்தியாசம் 15.58 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வீதம் 1,729 கி.மீ. கிழக்கு மேற்காக வித்தியாசம் 3.07 டிகிரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால், இந்தப் பாதையின் நடுப்பகுதியில் ஒரு டிகிரிக்கு 104 கி.மீ.தான் கிடைக்கும். அது 319 கி.மீ. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துப் பிதாகரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டுபிடித்தால் 1,758 கி.மீ. வருகிறது. உருண்டையான பூமியின் மேல் துல்லியமாகக் கணக்கிட்டாலும் 1,760ஐ ஒட்டித்தான் வரும். வீட்டில் எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கொண்டு போட்டுப் பாருங்கள்.

ரயில் பாதையில் இதே பயணம் ஏறக்குறைய 2,180 கி.மீ. 420 கி.மீ. கூடுதல், அதாவது நூற்றுக்கு 24 பங்கு. காரணம் எளிது. ரயில் பாதை ஊர்களைத் தொட்டுப் போகவேண்டும். பாலம் கட்டத் தோதான இடத்தில் ஆற்றைக் கடக்கவேண்டும். மலை குறுக்கிட்டால் ஒதுங்கவேண்டும். ஆகவே ஆக்ரா, ஜான்சி, போபால், இடார்சி, நாக்பூர், பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா என்று வளைந்து, பிறகு கடலோரமாக நெல்லூர், கூடூர் வழியாக இறங்குகிறது. விமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதுவும் முற்றிலும் நேர்க்கோட்டில் போவதில்லை; குறித்த வான்பாதைகளில்தான் போகும். இருந்தாலும் வளைவு சொற்பம்.

நேரம் எங்கே போகிறது?

இப்போது நேரத்துக்கு வருவோம். இந்தத் தடத்தில் ஓடும் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 830 கி.மீ. வேகத்தில் போகும். 1,760ஐ 830ஆல் வகுத்தால் 2 மணி 7 நிமிடம். அட்டவணையிலோ 2 மணி 50 நிமிடம். மீதி 43 நிமிடம் எங்கே போயிற்று?

விமானக்காரர்கள் கணக்கை, சக்கரத்தடியில் வைத்த கட்டையை எடுத்த நொடியில் தொடங்கி, இறங்கிய இடத்தில் திரும்பவும் கட்டை வைக்கும்வரை போடுகிறார்கள். இதற்குப் "பிளாக்" நேரம் என்று பெயர். (எங்கள் இலாகாவில் "பிளாக்" என்றால் வேலைக்காக வண்டிகளை நிறுத்தி லைனை வாங்குவது, அது வேறு.) தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகவேண்டும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருக்கவேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, இறங்குமுன் ஒரு சுற்று சுற்றச் சொன்னால் சுற்றவேண்டும். இவற்றோடு கொஞ்சம் கைக்காவலும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வொர்க்கிங் டைம் டேபிளிலும் இது உண்டு. வழியில் தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் மணிக்கு 20, 30 கி.மீ. என்று நாங்கள் வேகக்கட்டுப்பாட்டுப் போர்டு வைப்போம். அதில் இழக்கும் நிமிடங்களுக்காக "என்ஜினியரிங் அலவன்ஸ்" என்று முன்கூட்டியே சேர்த்துவிடுவார்கள். வழியில் கட்டுப்பாடு இல்லாத நாளில் வண்டி கடைசி ஸ்டேஷனுக்கு முன்னதாகவே வந்து அவுட்டரில் நிற்கும். "இருபது நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்திருக்கிறோம்" என்று விமானத்தில் பெருமையாக அறிவிப்பதும் இதே ரகசியம்தான்.

காற்றும் கணக்கில் உண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடும். அதனால் தில்லியிலிருந்து கொல்கத்தா, குவாஹாட்டி போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். திரும்புகாலில் கூடுதல் நேரம் ஆகும். சென்னைத் தடம் வடக்குத் தெற்காக இருப்பதால் நமக்கு இதில் லாபநஷ்டம் அதிகம் இல்லை.

வாசலிலிருந்து வாசல் வரை

இதுவரை சொன்னது இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான கணக்கு. ஆனால் நம்மில் யாரும் விமான நிலையத்தில் குடியிருக்கவில்லை. நம் அம்மாவும் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே என் வீட்டை எடுத்துக்கொள்கிறேன். யமுனைக்கு இந்தப் பக்கம் மயூர் விஹார். ஊர், மாயவரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம்.

வீட்டிலிருந்து விமான நிலையம் 1 மணி 15 நிமிடம். அங்கே இரண்டு மணி முன்னதாகப் போய் நிற்கவேண்டும். பறப்பது 2 மணி 50 நிமிடம். இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 40 நிமிடம். எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் போய்த் தெற்கே போகும் வண்டிக்குக் காத்திருப்பது 1 மணி 30 நிமிடம். மாயவரத்துக்கு 4 மணி 30 நிமிடம். அங்கிருந்து கிராமத்துக்கு 40 நிமிடம். கூட்டினால் 13 மணி 25 நிமிடம் வருகிறது. இதில் விமானம் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 155 கி.மீ. வருகிறது. 830 எங்கே, 155 எங்கே!

ரயிலுக்கும் இதே கணக்கைப் போடுவதுதான் நியாயம். வீட்டிலிருந்து புது தில்லி ஸ்டேஷன் 1 மணி. அங்கே அரை மணி. 1976ல் ஓடத் தொடங்கிய நம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 33 மணி. சென்ட்ரலிலிருந்து எழும்பூர் போய்க் காத்திருப்பது 3 மணி. மாயவரத்துக்கு 5 மணி. கிராமத்துக்கு 40 நிமிடம். மொத்தம் 43 மணி 10 நிமிடம். தனியாக விமானத்தையும் ரயிலையும் ஒப்பிட்டால் விமானம் ஏறக்குறைய 12 மடங்கு வேகம். வாசலிலிருந்து வாசல் வரை பார்த்தால் 3 மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நம் மனத்தில் பதிந்திருப்பது 12, நடப்பது 3. முதல் பிழை இது.

இருந்தாலும் மூன்று மடங்கு என்பது சாதாரண லாபமா? முப்பது மணி நேரம் மிச்சம். நான் விமானத்துக்கு எதிரியல்ல. முதுகுவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நான்கு நாள் லீவை வைத்துக்கொண்டு தவிக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோருக்கு விமானம் பெரிய வரப்பிரசாதம். 33 மணி நேரம் உட்கார முடியாத முதியவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்து பேரப்பிள்ளைகளைக் காட்ட முடிகிறதென்றால் அது விமானத்தால்தான். ஆகவே என் கேள்வி விமானத்தைப் பற்றியதல்ல. மிச்சப்பட்ட முப்பது மணி நேரத்தை நாம் யாருக்குக் கொடுத்தோம் என்பதுதான்.

டயரி சொல்லும் கணக்கு

ரயில்வேக்காரனுக்கு டயரி எழுதும் பழக்கம் போகாது. பழைய டயரிகளை எடுத்துப் பார்த்தேன். 1984 முதல் 1999 வரை 16 ஆண்டுகளில் நாங்கள் குடும்பத்தோடு 15 முறை ஊருக்குப் போயிருக்கிறோம். எல்லாம் ரயிலில். ஊரில் தங்கிய நாட்கள் 330. ஒரு நடைக்கு 22 நாள்.

2003க்குப் பிறகு குறைந்த கட்டண விமானங்கள் வந்தன. ரயில்வே பாஸை வைத்துக்கொண்டே நானும் 2005ல் முதன்முறையாகக் கைக்காசு போட்டு விமானம் ஏறினேன். 2005 முதல் 2012 வரை 8 ஆண்டுகளில் 7 முறை போயிருக்கிறேன். தங்கிய நாட்கள் 26. ஒரு நடைக்கு நான்கு நாள்கூட இல்லை.

இதற்கு விமானம் மட்டும் காரணமில்லை. பிள்ளைகளின் பரீட்சை, பதவி உயர்வு, பொறுப்பு எல்லாம் உண்டு. ஆனால் ஒன்றை நான் ஒளிக்கமுடியாது. ரயில் காலத்தில் பிப்ரவரியிலேயே தேதி முடிவாகிவிடும். ரிசர்வேஷன் திறக்கும் நாளில் விடியற்காலை வரிசையில் நிற்கவேண்டும். டிக்கெட் கையில் வந்ததும் அம்மாவுக்கு ஓர் இன்லண்ட் லெட்டர்: "மே 6ஆம் தேதி கிளம்புகிறோம்." அந்தத் தேதியை நம்பி அங்கே வடாம் காயும், நெல் அவிப்பார்கள், மாவடு ஊறும். மூன்று நாள் பயணத்துக்காக மூன்று நாள் தங்க முடியாது. ஆகவே வாரக்கணக்கில் தங்கினோம். தூரமாக இருந்ததால் தேதி இருந்தது. விமானம் வந்தபின் தேதி போய், "எப்போது வேண்டுமானாலும்" என்ற வார்த்தை வந்தது. எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடிய காரியம் எப்போதும் நடப்பதில்லை. இரண்டாவது பிழை இது. முதல் பிழையைவிடப் பெரியது.

மூடுபனி நாள்

2012 ஆடி மாதத்தில் அம்மா போனில், "தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போயேன். கண்ணுக்குள்ளயே நிக்கிற" என்றார்கள். "என்னம்மா, ரெண்டே முக்கால் மணி நேரம். எப்ப வேணும்னாலும் வந்துடலாம். தீபாவளிக்குப் பாக்கறேன்" என்றேன். தீபாவளிக்கு ஓர் இன்ஸ்பெக்ஷன் வந்தது. பொங்கலுக்கு என்றேன்.

2013 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தம்பி போன் செய்தான். "அண்ணே, அம்மாவ மாயவரத்துல ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். மூச்சு வாங்குது. நீங்க வந்தா தேவலாம்." மறுநாள் காலை 6.10 விமானத்துக்கு டிக்கெட் வாங்கினேன். ஒன்பது மணிக்குச் சென்னை, கார் வைத்துக்கொண்டால் நாலரை மணிக்கு ஊர் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டேன்.

தில்லியின் ஜனவரி விடியற்காலை உங்களுக்குத் தெரியும். காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று அப்படியே பனித்திரையாக உறைந்து நிற்கும். வெயில் ஏறினால்தான் விலகும். ரயில்வேயில் இந்தக் காலத்தில் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின் மேல் வெடிவில்லை வைப்பார்கள். எஞ்சின் சக்கரம் ஏறினால் அது வெடிக்கும். டிரைவர் சிக்னல் வருகிறதென்று உஷாராவார். வண்டி ஊர்ந்தாவது போகும். விமானம் ஊர்ந்து போகமுடியாது. நவீனக் கருவிகளும் அதற்குப் பயிற்சி பெற்ற விமானியும் இருந்தால் 50 மீட்டர் பார்வையிலும் இறங்கலாம். ஆனால் கிளம்புவதற்கு 125 மீட்டராவது தெரியவேண்டும். அன்று தெரியவில்லை.

ஒன்பதரைக்கு அம்மா போய்விட்டார்கள் என்று தம்பி சொன்னான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெள்ளையாக இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. பகல் 1.40க்கு விமானம் கிளம்பியது. மறுநாள் சனிக்கிழமை. "சனிப் பிணம் தனிப் போகாது" என்பார்களே. ஊர்ப் பெரியவர்கள் எனக்காக ஐந்தரை மணிவரை பார்த்துவிட்டுப் பொழுது சாயுமுன் எடுத்துவிட்டார்கள். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நான் வாசலில் இறங்கினேன். வாய்க்கரிசி போடவில்லை. முகம் பார்க்கவில்லை. மறுநாள் பாலுக்குத்தான் போனேன்.

பல நாள் அந்தப் பனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழன் இரவு ரயிலைப் பிடித்திருந்தாலும் சனிக்கிழமை மதியத்துக்குமேல்தான் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆகவே விமானத்தின்மீதோ பனியின்மீதோ குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. விமானம் ஏழரை மணி நேரம் தாமதம். நான் ஆறு மாதம் தாமதம்.

என்ன செய்யலாம்?

அனுபவத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம்.

ஊர் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகள் கேட்டால் விமான நேரத்தைச் சொல்லாதீர்கள். வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரத்தைச் சொல்லுங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் ஊருக்கு இந்தக் கணக்கை ஒருமுறை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்தில் கை நடுங்கும்போது அந்தத் தாள் உதவும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை தில்லியிலிருந்து விடியற்காலை விமானத்தைத் தவிருங்கள். பகல் பதினொன்றுக்கு மேல் கிளம்புவது உத்தமம். இறங்கியதும் பிடிக்கவேண்டிய ரயிலுக்கு நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது, போகவோ வரவோ ஏதாவது ஒரு வழியில், பிள்ளைகளை ரயிலில் அழைத்துப் போங்கள். சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, நெல்லூரில் பென்னா என்று வரிசையாகப் பாலங்கள் வரும். நர்மதையில் காசு போட என் மகள் நள்ளிரவிலும் எழுந்து உட்காருவாள். நம் ஊருக்கும் நமக்கும் நடுவில் எவ்வளவு பெரிய தேசம் இருக்கிறதென்று அவர்களுக்கு அப்போதுதான் புரியும். அந்தத் தூரத்தைத் தாண்டி வந்துதான் நாம் இங்கே பிழைக்கிறோம் என்பதும் புரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேதி வையுங்கள். ரயிலில் இப்போது 60 நாள் முன்னதாக முன்பதிவு செய்யலாம். விமானத்தில் அதற்கும் முன்பே செய்யலாம். டிக்கெட்டை வாங்கிய அன்றே ஊருக்குப் போன் செய்து தேதியைச் சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்குத் தேதி என்பது ஒரு மருந்து. காலண்டரில் ஒரு நாளைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால் அதுவரை அவர்களுக்கு ஒரு பிடிப்பு உண்டு. "எப்போது வேண்டுமானாலும்" என்பதை எந்தக் காலண்டரில் வட்டம் போடுவது?

அன்று காபி குடித்துக்கொண்டிருந்த பையனிடம் இவ்வளவும் சொல்ல வாய்க்கவில்லை. அவன் நல்ல பிள்ளை. இந்த இதழ் அவன் வீட்டுக்கும் போகிறது. அடுத்த கூட்டத்தில் பார்க்கும்போது ஊர் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கப்போவதில்லை. என்ன தேதிக்கு டிக்கெட் என்றுதான் கேட்பேன்.